விலைச்சீட்டு

செய்தி எப்படியோ வெளியே வந்துவிட்டது; மறுப்பதற்கில்லை. அடுத்த மாதம் சென்னையில் இரண்டு நாள் நடக்கவிருக்கும் காமிக்ஸ் கூட்டம் ஒன்றில் ஒரு மேஜையை வாடகைக்கு எடுத்து, என்னிடமுள்ள பழைய படக்கதைப் புத்தகங்களை விற்கப் போகிறேன். பணம் கட்டியாகிவிட்டது. இத்தகைய கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரை மாநாடு என்று தமிழாக்கினால் கொடியும் பந்தலும் தலைவரின் வருகையும் நினைவுக்கு வந்து தொலைக்கின்றன. நான் போகிற காரியத்துக்குச் சந்தை என்ற சொல்லே போதும்.

நண்பர்கள் இதுபற்றிச் சொன்னவை என் காதுக்கு வந்து சேர்ந்தன. நேரில் சொன்னவர் ஒருவர். மற்றவர்கள் வழக்கம்போல் பிறர்வழி. நாற்பது வருஷம் கவிதை, விமர்சனம் என்று பேசித் திரிந்தவன் கடைசியில் பொம்மைப் புத்தகம் விற்கக் கிளம்பிவிட்டான் என்பது ஒன்று. வியாபாரத்தில் இறங்கியபின் தரத்தைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன யோக்யதை என்பது இரண்டு. புத்தகத்தை விற்கிறவன் தன் ரசனையையும் சேர்த்து விற்கிறான் என்பது மூன்று. இதைச் சொன்னவருக்கு வாக்கியம் நன்றாக அமைந்துவிட்ட சந்தோஷமாவது இருந்திருக்கும். பதில் சொல்ல இந்தப் பக்கங்களைக் கேட்டேன், ஆசிரியர் கொடுத்தார். அவர் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1

முதலில் வியாபாரம்.

நம் வட்டத்தில் புத்தகம் எப்படிக் கைமாறுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். முந்நூறு பிரதி அச்சடிக்கிறோம். நூறு பிரதி 'அன்புடன்' என்று கையெழுத்துப் போட்டுப் போய்விடுகிறது. வாங்கியவர் படிப்பதில்லை, கொடுத்தவர் கேட்பதில்லை. இந்தப் பரஸ்பர நாகரிகத்துக்கு இலக்கிய நட்பு என்று பெயர். மூன்று வருஷத்துக்கு முன் மதுரையில் ஒரு பழைய பேப்பர் கடையில் என் கவிதைத் தொகுதி ஒன்றையே கண்டெடுத்தேன். முதல் பக்கத்தில் நண்பர் பெயரும் என் கையெழுத்தும் இருந்தன. அதற்கப்பால் எந்தப் பக்கத்திலும் விரல்பட்ட அடையாளம் இல்லை. கடைக்காரர் அட்டையைப் புரட்டிப் பார்த்துப் பத்து ரூபாய் என்றார். அவருக்குக் கவிதையோடு சம்பந்தமில்லை. ஆனாலும் அந்தத் தொகுதியின் மதிப்பு இவ்வளவு என்று என் முகத்துக்கு நேரே சொன்ன முதல் மனிதர் அவர்தான். கொடுத்து வாங்கி வந்தேன்.

சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையை 1959 முதல் 1970 வரை நடத்தினார். எழுத்து பிரசுரப் புத்தகங்களை மூட்டையாகச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். இதை நாம் ஒரு தியாகக் கதையாக, தொண்டை அடைக்கச் சொல்லிக்கொள்கிறோம். மனுஷன் இவ்வளவு கஷ்டப்பட்டாரே என்று. எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. எதிரே நிற்கிறவன் முகத்தைப் பார்த்து, இந்தப் புத்தகம் உனக்கு வேண்டியது, இதன் விலை இவ்வளவு, எடு என்று சொல்வதற்கு, அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒரு தீர்மானம் வேண்டும். மதிப்புரையில் 'குறிப்பிடத்தக்க முயற்சி' என்று எழுதித் தப்பிக்கலாம். மூட்டையைத் தூக்கியவன் அப்படித் தப்பிக்க முடியாது. அவர் எழுதிய விமர்சனமும் சுமந்த மூட்டையும் ஒரே காரியத்தின் இரு பகுதிகள் என்றே நான் நினைக்கிறேன்.

காமிக்ஸ் சந்தைகளைத் தொடங்கியவர்களும் பெரும்பாலும் இந்த ஜாதிதான். நியூயார்க்கில் 1960களின் கடைசியில் காமிக்ஸ் கூட்டங்களை நிலைநிறுத்திய ஃபில் சூலிங் ஒரு பள்ளிக்கூட ஆங்கில ஆசிரியர். ராபர்ட் கிரம் 1968ல் தன் 'ஸாப்' முதல் இதழை ஸான் ஃப்ரான்சிஸ்கோவின் ஹைட் தெருவில் ஒரு குழந்தைத் தள்ளுவண்டியில் வைத்து விற்றார். 1970 ஆகஸ்டில் ஸான் டியேகோவின் ஒரு ஹோட்டல் நிலவறையில் மூன்று நாள் நடந்த கூட்டத்துக்கு வந்தவர்கள் முந்நூறு பேர். நம் பத்திரிகைக் கணக்கு. எனக்கு எல்லாவற்றிலும் நெருக்கமாகப் படுவது தோக்கியோ. அங்கே 1975 டிசம்பரில் 'காமிக் மார்க்கெட்'டைத் தொடங்கியது ஒரு விமர்சனக் குழு. ஜப்பானியப் படக்கதைகளைப் பற்றிக் கட்டுரை எழுதிச் சொந்தமாக அச்சிட்டுக்கொண்டிருந்த இளைஞர்கள் அவர்கள். முதல் நாள் 32 குழுக்கள் மேஜை போட்டன. வந்தவர்கள் சுமார் எழுநூறு பேர். அந்தச் சந்தையில் வாடிக்கையாளர் என்ற சொல்லே இல்லை. விற்பவனும் வாங்குபவனும் நடத்துபவனும் 'பங்கேற்பவர்' மட்டுமே. பின்னால் அது லட்சக்கணக்கில் பெருத்தது, சொல் மாறவில்லை. விமர்சகர்கள் சந்தை போடக்கூடாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தராமல் போனது ஜப்பானின் அதிர்ஷ்டம்.

2

அப்படியானால் சந்தை எல்லாம் சரி என்கிறேனா? இல்லை. சண்டை போட வேண்டிய இடம் வேறு; நண்பர்கள் தவறான வாசலில் நின்று கூச்சல் போடுகிறார்கள் என்கிறேன்.

அமெரிக்காவில் 2000ல் ஒரு கம்பெனி தோன்றியது. சி.ஜி.சி. என்று சொல்கிறார்கள். உங்கள் புத்தகத்தை அனுப்பினால், முனை மடிந்திருக்கிறதா, தையல் கம்பி துருப்பிடித்திருக்கிறதா, தாள் எவ்வளவு பழுத்திருக்கிறது என்று பரிசோதித்துப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடித் திருப்பி அனுப்புவார்கள். உறையை உடைத்தால் மதிப்பெண் செல்லாது. அதாவது புத்தகத்தைத் திறந்தால் அதன் மதிப்பு போய்விடும். இதைவிடப் பூரணமான அபத்தத்தை எந்த அபத்த நாடகக்காரனும் எழுதவில்லை. படிக்கப்படாததே படைப்பின் உச்சம் என்ற கோட்பாட்டுக்கு நம் வட்டத்திலும் ஆதரவாளர்கள் உண்டு என்பதால் இதை மேலே விரிக்கவில்லை.

பத்து சென்ட் விலையில் 1938ல் வந்த 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் ஒரு பிரதி 2024ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. ஸூப்பர்மேன் பிறந்த இதழ் அது. அவனைச் சிருஷ்டித்த ஜெர்ரி ஸீகலும் ஜோ ஷூஸ்டரும் அதற்காகப் பெற்றது 130 டாலர். முழு உரிமையும் அதோடு போயிற்று. கோர்ட்டுக்குப் போனார்கள், தோற்றார்கள். 1975 கடைசியில், ஸூப்பர்மேன் சினிமா தயாராகிக்கொண்டிருந்தபோது, பத்திரிகைகளில் விஷயம் நாறிய பிறகுதான் ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் உதவித்தொகையும், கதையில் பெயர் போடும் மரியாதையும் கிடைத்தன. அந்த 130 டாலரும் அடங்கிய பழைய காசோலையே 2012ல் 1,60,000 டாலருக்கு ஏலம் போனது. ஏமாற்றப்பட்டதற்கான ரசீதும் சேகரிப்புப் பொருளாகிவிட்டது. ஸீகல் 1992லும் ஷூஸ்டர் 1992லும் என்று ஒரே வருஷத்தில் அவர்கள் செத்தார்கள் என்று யாரோ எங்கோ எழுதியிருந்தால் நம்பாதீர்கள். ஷூஸ்டர்தான் 1992ல், ஸீகல் 1996ல். தேதிகளைக்கூடச் சரியாக வைத்துக்கொள்ளாத சந்தை, பிரதியின் முனை மடிப்பை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறது.

சண்டை இதனோடு. விலை இருப்பது குற்றமில்லை. படித்தவனுடைய தீர்மானத்திலிருந்து விலை கழன்றுபோவதும், செய்தவனுடைய பெயரிலிருந்து கழன்றுபோவதும்தான் குற்றம்.

3

இனி என் யோக்யதை.

என் டிரங்குப் பெட்டியில் 212 புத்தகங்கள் இருக்கின்றன. முத்து காமிக்ஸ் 1972ல் 'இரும்புக்கை மாயாவி'யுடன் தொடங்கியபோது எனக்குப் பத்து வயது. பூகோளப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்த தலைமுறை. லயன் காமிக்ஸ் 1984ல் மாடஸ்டியோடு வந்தபோது நான் கவிதை எழுதிக்கொண்டிருந்தேன். ஆகவே ஒளித்துப் படித்தேன். முன்னது அப்பாவுக்குப் பயந்து, பின்னது உங்களுக்குப் பயந்து. இரண்டாவது பயம்தான் அதிகம் கேவலமானது.

பெட்டியில் பாதி குப்பை. இதை ஒப்புக்கொள்வதில் எனக்குச் சிரமம் இல்லை. அவசரமாகச் செய்த கதைகள், வெள்ளைக்காரன் புத்தியால் ஜெயிக்கிற காடுகள், ஒரே முகத்தோடு ஐந்து வில்லன்கள். பழசு என்பதால் எதுவும் தங்கமாகிவிடாது. ஆனால் அரிதானது என்றால் சந்தை அந்தக் குப்பைக்கும் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறது. நான் எந்த விலை எழுதுவது?

இதைவிடச் சங்கடமான விஷயம் ஒன்று. இந்த 212ல் 31 புத்தகங்களை ஒரு பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கினேன். எடைபோட்டவருக்கு அவை என்னவென்று தெரியாது, எனக்குத் தெரியும். தெரிந்தும் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன். மொத்தம் நாற்பது ரூபாய். வீட்டுக்கு வந்து பிரித்தபோது ஒன்றின் பின்னட்டையில் ஒரு பையனின் பெயரும் வகுப்பும் இருந்தன. ஆறாம் வகுப்பு, 'பி' பிரிவு. அந்தக் கடைக்காரர் முன் நான் வைத்திருந்த சாதாரண முகம் எனக்கு மறக்கவில்லை. ஸீகலிடம் 130 டாலர் நீட்டியவனுடைய முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். தரகனின் லாபம் என்பது அடுத்தவனின் அறியாமையில் எடுக்கிற வட்டி. இதைச் சொல்லாமல் மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால் நண்பர்களின் மூன்று குற்றச்சாட்டும் உண்மையாகிவிடும். மறுவாரம் அந்தக் கடைக்குப் போய் விஷயத்தைச் சொல்லி இன்னும் பணம் கொடுக்க முயன்றேன். அவர் சிரித்தார். "படிக்கத்தானே சார் எடுத்துட்டுப் போனீங்க" என்றார். விற்கப்போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இப்போது அச்சில் சொல்கிறேன்.

4

இரும்புக்கை மாயாவியின் கதை உங்களில் சிலருக்காவது தெரியும். ஆராய்ச்சிக்கூட விபத்தில் வலது கையை இழந்தவனுக்கு இரும்பில் கை பொருத்துகிறார்கள். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் முழுதும் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். 1962ல் 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் தொடங்கிய தொடர். வரைந்தவர் ஹேசூஸ் பிளாஸ்கோ, பார்ஸலோனாக்காரர். கறுப்பு வெள்ளைதான். இல்லாத ஓர் உடலை வாசகன் உணரவேண்டும். காட்டக்கூடியது ஒரு கை மட்டும். அந்தக் கை தொங்குகிற கோணத்தில், பற்றுகிற விதத்தில், அவன் களைத்திருக்கிறானா, பயந்திருக்கிறானா என்று தெரிகிறது. சொல்லாமல் விட்டதைக் கவிதையில் ஓயாமல் புகழ்கிற நாம், வரையாமல் விட்டதைப் பார்க்க மறுத்திருக்கிறோம்.

பிளாஸ்கோவின் பெயர் எனக்கு முப்பத்தைந்து வயதில்தான் தெரியவந்தது. அந்நாளைய பிரிட்டிஷ் வார இதழ்கள் ஓவியர் பெயரையும் எழுத்தாளர் பெயரையும் போடுவதில்லை. 1977ல் தொடங்கிய '2000 ஏ.டி.' இதழ்தான் அங்கே அதை வழக்கமாக்கியது. மாயாவிக்கு நேர்ந்ததே அவனை வரைந்தவருக்கும் நேர்ந்தது: கை தெரிந்தது, ஆளைக் காணோம். நம் லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடரை எடுத்துக்கொள்ளுங்கள். வரைந்தவர் ரெக் பன். 1960களில் அந்தக் கதைகளில் பலவற்றை எழுதியது யார் தெரியுமா? அதே ஜெர்ரி ஸீகல். ஸூப்பர்மேனைப் பறிகொடுத்தவர் அட்லாண்டிக்குக்கு அப்பால் பெயரில்லாத கூலியாக எழுதிய கதையை, சிவகாசியில் அச்சாகி, மதுரையில் நான் படித்திருக்கிறேன். யாரைப் படிக்கிறேன் என்று தெரியாமல்.

சட்டம் இதில் கொஞ்ச தூரம் வருகிறது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 53ஏ என்று ஒரு பிரிவு உண்டு. மூல ஓவியமோ மூலக் கையெழுத்துப் பிரதியோ பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், செய்தவனுக்கு அதில் பத்து சதவீதத்துக்கு மிகாமல் ஒரு பங்கு. பிரான்ஸில் இதுமாதிரி ஒரு சட்டம் 1920லேயே வந்தது. ஆனால் இது மூலத்துக்கு மட்டும். அச்சுப் பிரதிக்குக் கிடையாது. நான் விற்கிற பிரதியில் பிளாஸ்கோவுக்குச் சட்டப்படி ஒரு காசும் பாக்கியில்லை. அவர் 1995ல் இறந்தும் போனார்.

பணமாகத் தரமுடியாததைப் பெயராகத் தரலாம். ஆகவே என் மேஜையில் ஒவ்வொரு புத்தகத்தின் மேலும் ஒரு விலைச்சீட்டு இருக்கும். அதில் முதல் வரி வரைந்தவர் பெயர். இரண்டாவது வரி எழுதியவர் பெயர். தெரியாத இடத்தில் கோடு, அந்தக் கோடும் ஒரு குற்றப்பத்திரிகைதான். மூன்றாவது, இந்தப் புத்தகத்தைப் பற்றி என் ஒரு வாக்கியம். நல்லது என்றால் ஏன், குப்பை என்றால் எதனால். கடைசியில்தான் விலை. இரண்டு மாதமாக இந்தச் சீட்டுகளை எழுதிக்கொண்டிருக்கிறேன், 160 முடிந்திருக்கிறது. என் வாழ்க்கையில் இவ்வளவு கறாராக, இவ்வளவு சுருக்கமாக விமர்சனம் எழுதியதில்லை. எதிரே ஒருவன் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான் என்ற நினைப்பில் 'தளம்', 'பரிமாணம்' எல்லாம் தானாக உதிர்ந்துவிடுகின்றன.

5

இதில் நான் ஏமாறக்கூடிய இடங்களும் தெரியும். இத்தகைய சந்தைகளில் கதவு திறக்குமுன்பே வியாபாரிகள் ஒருவர் மேஜையை ஒருவர் அரித்துவிடுவார்கள். குறைத்துப் போட்ட விலையைப் பார்த்தால் அடுத்த மேஜைக்காரர் அள்ளிக்கொண்டுபோய் நாலு மடங்குக்கு விற்பார். ஆகவே கதவு திறக்குமுன் விற்பனை இல்லை. ஒருவருக்கு மூன்று புத்தகம். எதையும் பிளாஸ்டிக்கில் மூடப்போவதில்லை. நின்று படிக்கலாம், முனை மடிந்தால் மடியட்டும். இவ்வளவும் செய்தும் சிலர் வாங்கிக்கொண்டுபோய் மூடி வைக்கத்தான் போகிறார்கள். விற்றபின் அதன் விதி என் கையில் இல்லை. கவிதையை வெளியிட்டவனுக்கு இது புதிய செய்தியா?

டெக்கான் கணக்கு ஒன்றும் எனக்கில்லை. மேஜை வாடகை, டிரங்குப் பெட்டியோடு மதுரையிலிருந்து ரயில், இரண்டு நாள் சாப்பாடு போக மிஞ்சுவது சொற்பம். ஸான் டியேகோவில் 44 வருஷம் கடை போட்ட 'மைல் ஹை காமிக்ஸ்' செலவு கட்டுப்படியாகாமல் 2017ல் விலகிக்கொண்டது. அந்த மலையே சரிந்த இடத்தில் என் மேஜை எம்மாத்திரம்.

அப்படியிருக்க ஏன் போகிறேன்? ஆசிரியர் பக்கம் கொடுத்த காரணத்துக்கு வருகிறேன். இந்தப் பத்திரிகை கடைசி மூன்று இதழ்களுக்கு அச்சகத்துக்குப் பாக்கி வைத்திருக்கிறது. ஆசிரியர் யாரிடமும் சொல்லவில்லை. அச்சகக்காரர் என்னிடம் சொன்னார். மேஜையில் மிஞ்சுவதை அங்கே கட்டுவதாக ஏற்பாடு. பெட்டி விஷயம் தெரிந்து ஒரு சேகரிப்பாளர் போன் செய்தார். 212ஐயும் மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொன்ன தொகையில் பாக்கி முழுதும் தீர்ந்து, அடுத்த நாலு இதழும் வந்துவிடும். புத்தகங்களை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மதிப்பெண் வாங்கி உறையில் போட்டு லாக்கரில் வைப்பாராம். நான் மறுத்துவிட்டேன். ஆசிரியரிடம் இதைச் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, எழுதுங்கள்" என்றார்.

நான் மறுத்தது சரிதானா என்று நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. லாக்கரில் இருக்கிற மாயாவியை விட அச்சாகிற கவிதை முக்கியம் என்று நீங்கள் சொன்னால், அந்த வாதத்தில் பலம் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல உரிமை உள்ளவர் சந்தா கட்டியவர். கட்டாதவர்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது; என்னைப் பற்றி மூன்று அபிப்ராயம் சொன்னவர்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டுக்கும் அதிக வித்தியாசமில்லை.

பொம்மைப் புத்தகம் விற்கிற காசில் உங்கள் கவிதை அச்சாகிறது. அவமானம் என்று தோன்றினால் பாக்கியை அனுப்பிவையுங்கள். இல்லையென்றால் மேஜைக்கு வாருங்கள். 212 சீட்டும் அதற்குள் எழுதி முடித்திருப்பேன். அந்தப் பத்து ரூபாய்க் கவிதைத் தொகுதியையும் ஓர் ஓரத்தில் வைக்கிறேன்; அதற்கும் சீட்டு உண்டு. சில்லறை கொண்டுவரவும்.